ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வழியாக பஸ்ஸில் போகிறவர்கள், வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்கும் மருத்துவ மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒரு பையன் போன மாதம் என்னைத் தேடி வந்தான். “சார், எனக்கு நியூரோ சர்ஜரி, மூளை ஆபரேஷன் படிப்புதான் வேணும். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போறாங்க. வீட்டில் டாக்டர் யாரும் கிடையாது. நான் யாரைப் போய்ப் பார்க்கணும்?” என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படிக்கும் முதுநிலை இடம் நீட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் வரிசையில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதற்காக மாணவர்கள் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் சில வாரம் வேலை செய்து காட்டிவிட்டு வருவார்கள். நம் ஊரில் அந்தக் கடிதத்துக்கு இடமில்லை. பால்வெட்டுகிறவர் மகனுக்கு அது நல்லதுதான். சரி, அப்படியானால் பெரிய டாக்டர்களோடு பழக்கம் எதற்கு? கை பழகுவதற்கு. எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அறுவை மருத்துவத்துக்கான எம்.எஸ். மூன்று வருடம், அதற்கு மேல் நியூரோ சர்ஜரிக்கான எம்.சிஎச். மூன்று வருடம். இத்தனை காலமும் யாராவது ஒருவர் தன் பக்கத்தில் உங்களை நிறுத்திக்கொள்ள மனம் வைக்க வேண்டும்.

அந்த மனம் எப்படி வரும்? ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நல்ல நினைவோடு பேசிக்கொண்டிருந்தார். ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் பிள்ளை ஒருத்தி வார்டில் இருந்தாள். தலையில் அடிபட்டவரின் நினைவை அளக்க ஒரு கணக்கு உண்டு. 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் வகுத்தது. இன்றைக்குக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக முழு நினைவுக்கு மொத்தம் 15. அரை மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதச் சொல்லியிருந்தேன். சில பேர் முந்தைய எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். இவள் ஒவ்வொரு தடவையும் ஆளை எழுப்பிப் பேசிப் பார்த்திருக்கிறாள்.

ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தது. “சார், 13 ஆயிட்டு. கூப்பிட்டாத்தான் கண் திறக்கார். ‘என் தளைநார் எங்கே’ன்னு கேக்கார், ஆஸ்பத்திரின்னு தெரியல்ல.” மரமேறக் காலில் மாட்டும் தளைநாரை அவர் கேட்டதையும் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்திருந்தாள். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. முதலில் தெளிவாகப் பேசுவார்கள், அப்புறம் சட்டென்று மயங்குவார்கள். தாமதித்தால் ஆள் போய்விடும். உடனே திறந்து ரத்தக்கட்டியை எடுத்தோம். சக்‌ஷனை, ரத்தத்தை உறிஞ்சும் குழாயை, அவள் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் யூனிட்டில் அவளுக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. கேஸ் வந்தால் நாங்களே கூப்பிட்டோம். மரமேறியும் நடந்து வீட்டுக்குப் போனார்.

அதனால்தான் சொல்கிறேன்: சீஃபுக்கு, யூனிட் தலைவருக்கு, முன்னால் போய் நிற்பதைவிட நோயாளி பக்கத்தில் போய் நில்லுங்கள். சீஃப் அங்கேதான் வருவார்.

தியேட்டர் சிஸ்டர்களை மறந்துவிடாதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு சிஸ்டர், மிச்சமான பட்டு நூல் துண்டுகளைக் கவரில் போட்டுத் தருவார். விடுதிக் கட்டில் கம்பியில் முடிச்சுப் போட்டுப் போட்டு, அந்தக் கம்பியே தெரியாமல் போயிற்று. ஒருநாள் என் விரலைப் பிடித்து, “இழுக்காதீங்க தம்பி, படுக்க வையுங்க” என்றார். முடிச்சைப் படுக்க வைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது. அவர் ஓய்வு பெறும் நாள் வரை பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். வார்டு உதவியாளர்களின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் குமரி மாவட்டத்து நெய்யூர் கதையையும் சொல்ல வேண்டும். 1922-ல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஹோவர்டு சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருப்பதையும், ஒரே ஒரு சர்ஜன் திணறுவதையும் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். திணறுகிற ஆள் பக்கத்தில் போய் நின்றதில் தொடங்கிய உறவு அது.

ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழுக்குக் கேஸ் ரிப்போர்ட் எழுத ஆசிரியரை எப்படி அணுகுவது, “இப்ப நேரமில்லை” என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது, இதெல்லாம் பேச நினைத்தேன். ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் பாக்கி. திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் விட்டு, அவர் பார்த்த நோயாளியைப் பற்றிய ஒரு கேள்வியோடு திரும்பிப் போங்கள். என்னைத் தேடி வந்த அந்தப் பையனை வெள்ளிக்கிழமை காலை வார்டு ரவுண்ட்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஏழு மணிக்கு. வணக்கம்.