தட்டும் ரோச்சோரும்: ‘மாறியது நாடே’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆளுக்கு ஏழு நிமிடம் என்று மணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்கள். ஆகவே விரிவான வாழ்த்துரையை வீட்டிலேயே சொல்லி முடித்துவிட்டு வந்திருக்கிறேன். பல ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்புகிறவர் பெரிதும் காண்பது மாறிப்போன நாட்டையா, மாறிப்போன தம்மையா என்பது தலைப்பு. மாறியது நாடே என்பது எங்கள் அணி. 2005இல் பெர்த்துக்குப் போய், 2022இல் குடும்பத்தோடு திரும்பியவன் நான். போகும்போது பொருள் சேவை வரி 5 விழுக்காடு, இன்று 9; அந்தக் கணக்கை உங்கள் ரசீதே தினமும் சொல்வதால் நான் வேறு பேச வேண்டியதில்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போனேன். தோசையும் தே தாரேயும் வாங்கி உட்கார்ந்து, சாம்பாரில் கடைசி விள்ளலைத் தோய்த்துத் தின்று முடித்து, பழைய வழக்கப்படி தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். பக்கத்து மேசையில் இருந்த சீனப் பாட்டி, விரல் மோதிரத்தால் மேசையைத் தட்டி, “அங்கிள், ட்ரே! ட்ரே!” என்றார். மேசை துடைக்கும் பெரியவர் போலிருக்கிறது என்று எண்ணி, தட்டை இரு கைகளாலும் எடுத்து, மிகுந்த மரியாதையோடு அவரிடமே நீட்டினேன். அவர் சாப்பிட வந்தவர். பாதி மீ கோரெங் வாயில் இருந்தது.

நடுவர் சிரிப்பதைப் பார்த்தால் இதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் போலத் தெரிகிறது. என் மனைவி இக்கதையைச் சொல்லும்போது அந்தப் பாட்டிக்கு வயது 80. மைத்துனர் சொல்லும்போது 90. மாமியார் சொல்லும்போது, நான் தட்டோடு சேர்த்து ஐந்து வெள்ளி அன்பளிப்பும் கொடுத்ததாக வரும். அது பொய். நான் நீட்டியது இரண்டு வெள்ளிதான்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒப்படைக்கும் இடத்துக்குப் போனால், அங்கே ஹலால் தட்டுக்கு ஓர் அடுக்கு, மற்றவற்றுக்கு ஓர் அடுக்கு. என் தட்டு எந்தச் சாதி என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நான் நிற்க, எனக்குப் பின்னால் வரிசை நீள, பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பத்து வயதுப் பையன் என் கையிலிருந்து அதை வாங்கி உரிய இடத்தில் வைத்துவிட்டு, “பரவாயில்லை அங்கிள், சுற்றுப்பயணிகளுக்குத் தெரியாது” என்றான். நான் பிறந்தது இதே சிங்கப்பூரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில்! 2021 செப்டம்பர் முதல் நாளிலிருந்து உணவங்காடியில் தட்டை விட்டுச் சென்றால் முதலில் எழுத்துவழி எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம் என்பதை நான் அன்றுதான் படித்தேன். சொல்லுங்கள், அன்று மாறியிருந்தது நானா? நான் 2005இல் செய்ததையே செய்தேன், அதனால்தானே மாட்டிக்கொண்டேன்!

இப்போது எதிரணி நண்பருக்கு வருகிறேன். “வழி மறந்தவன் ஊர் மாறிவிட்டது என்பான், அண்ணன் பெர்த்தில் ஆட்டுக்கறி தின்று கொழுத்துவிட்டு, தேக்காவில் திசை தெரியாமல் நிற்கிறார்” என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். ஆட்டுக்கறியை ஒப்புக்கொள்கிறேன். திசையை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வளர்ந்தது ரோச்சோர் சென்டரில். 1977இல் கட்டிய நான்கு புளோக், நான்குக்கும் நான்கு வண்ணம், 567 வீடு. எங்கிருந்து டாக்சி ஏறினாலும் “கலர் புளோக்” என்றால் போதும், ஓட்டுநர் மறுபேச்சுப் பேசமாட்டார். வடக்கு–தெற்குப் பெருவழிக்காக 2016இல் அங்கிருந்தவர்களைக் காலி செய்ய வைத்தார்கள், 2018இல் இடித்தார்கள். இடித்தது எனக்குத் தெரியும், என் நாக்குக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த முதல் வாரம், டாக்சியில் ஏறி என்னையறியாமல் “ரோச்சோர் சென்டர்” என்றேன். இளம் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “ரோச்சோர் எம்ஆர்டியா அங்கிள்?” என்றார். நண்பரே, 2015இல் திறந்த எம்ஆர்டி ரயில் நிலையம் அந்தப் பெயரை வைத்திருக்கிறது. பெயருக்கு உரிய வீடுகள் இல்லை. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் நான் படித்த பழைய தேசிய நூலகம் இருந்த இடத்தில், நான் போவதற்கு முன்பே சுரங்கச்சாலைக்கு வழிவிட்டார்கள். கட்டடத்தை எடுத்துவிட்டு, வழி மறந்தாயே என்று என்னைக் கேட்டால் நியாயமா? கறி தின்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் இரண்டு குறிப்பு வைத்திருந்தேன். அவற்றை மடித்துவிடுகிறேன்.

2016இல் என் அம்மா அந்த வீட்டைத் தனியாகக் காலி செய்தார். காலாங்கில் மாற்று வீடு கிடைத்திருந்தது. கடைசி நாள் காலையில் காணொளியில் அழைத்து, காலியான கூடத்துச் சுவர் பக்கமாகத் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். மஞ்சளேறிய சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. “இங்கேதானே, ஐயா, நாள்காட்டி தொங்கும், நீதானே காலையில் கிழிப்பாய்” என்றார். நான் அலுவலகத்தில் கூட்டத்துக்கு நடுவில் இருந்தேன். “லைன் சரியில்லை அம்மா, பிறகு கூப்பிடுகிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. மாலையில் நான் அழைத்தபோது சாவியை ஒப்படைத்துவிட்டிருந்தார். இதை எதிரணி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வெள்ளிக்கிழமை அவரை வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வந்த சீன அன்பர்கள் வழக்கம்போல எங்கள் கோயில் வாசலிலும் ஊதுபத்தி செருகிக் கும்பிட்டுப் போனார்கள். அங்கே எதுவும் மாறவில்லை, நடுவர் அவர்களே, மறைக்கமாட்டேன். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம் இருக்கும் பக்கம் போகாமல், பழைய வீட்டுக்குப் போகும் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நானும் எதுவும் சொல்லாமல் கூடவே நடந்தேன். கட்டுமானத் தடுப்புப் பலகைவரை போய் நின்றார். கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, “வெயிலாக இருக்கிறது, வா, பஸ் பிடிப்போம்” என்றார்.

மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.