தண்டனையைத் தீர்மானிப்பது சட்டமா, பணமா? பணமே!

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போன எதிரணித் தலைவர் அவர்களே, இட்லிக்கடை வாசம் வந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டி உயிரைப் பறித்தவனுக்கு என்ன தண்டனை என்பதை முடிவு செய்வது சட்டமா, பணமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இதில் ஏழைக்கு ஒரு பக்கம், பணக்காரனுக்கு ஒரு பக்கம் என்று இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை ஐயா. புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விபத்து நடக்கிற ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் புத்தகத்தைப் புரட்டுவது யார், எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

புனேவுக்குப் போவோம். 2024 மே 19, கல்யாணி நகர். பதினேழு வயதுப் பையன் ஓட்டி வந்த போர்ஷே கார், பைக்கில் போன இரண்டு இளம் என்ஜினியர்கள் மேல் மோதியது. ஆண் ஒருவர், பெண் ஒருவர். இரண்டு பேருக்கும் 24 வயதுதான். இருவரும் இறந்துபோனார்கள். காருக்கு நம்பர் கிடையாது. ஏன் தெரியுமா? பதிவுக்கட்டணம் 1,758 ரூபாய் பாக்கி. அதே ராத்திரி ஒரு பாரில் ஒன்றரை மணி நேரத்தில் 48,000 ரூபாய் பில் என்று போலீஸ் சொன்னது. அதைக் கட்டியாகிவிட்டது!

விடிந்து, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஜாமீன். நிபந்தனை என்ன? சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுத வேண்டும். நடுவர் அவர்களே, நான் பள்ளிக்கூட வாத்தியார். ஹோம்வொர்க் எழுதாத பையனுக்கு நான் கொடுக்கிற இம்போசிஷன் இதைவிட நீளம்.

ஊரே கொதித்த பிறகு அந்த உத்தரவை மாற்றிச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து உயர் நீதிமன்றம் வெளியே விட்டது. சிறுவர்களுக்கான சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை அதற்கு முந்தைய சில மணி நேரத்தோடுதான். முதலில் போட்டது, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு. கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு, ஜாமீனில் விடக்கூடியது. சாவு வரலாம் என்று தெரிந்தே செய்ததற்கான, பத்து ஆண்டு வரை போகக்கூடிய 304 அப்புறம்தான் வந்தது. ரத்த மாதிரி எடுத்ததோ பல மணி நேரம் தாமதித்து. 100 மில்லி ரத்தத்தில் மது மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் குறைந்துகொண்டே போகும். நம் சட்டத்தில் வரம்பே 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்தான். கடிகாரம் யார் பக்கம் நிற்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதுவும் போதவில்லையாம். அரசு மருத்துவமனையில் எடுத்த பையனுடைய ரத்தத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அம்மாவின் ரத்தத்தை வைத்து அனுப்பினார்கள் என்பது போலீஸ் குற்றச்சாட்டு. டாக்டர்கள் கைதானார்கள். "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்லச் சொல்லிக் குடும்ப டிரைவரை மிரட்டினார்கள் என்று இன்னொரு வழக்கு. இதெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்கப்பட வேண்டியவை, நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருடைய ரத்தத்தை மாற்ற எந்த டாக்டர் ஐயா வருவார்? அவருக்குப் பதிலாக ஜெயிலுக்குப் போக அவரிடம் எந்த டிரைவர் வேலை பார்க்கிறார்?

எதிரணியில் பேராசிரியர் அம்மா டெல்லி வழக்கைச் சொன்னார்கள். "கடற்படைத் தளபதியின் பேரனையே சட்டம் விடவில்லையே" என்றார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம். 1999 ஜனவரி 10, விடிகாலை, லோதி காலனி. பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஆறு பேர் சாவு. அதில் மூன்று பேர் பணியில் இருந்த போலீஸ்காரர்கள். காரிலிருந்து ஒழுகிய ஆயில் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், ஒரு பங்களாவில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போலீஸ் பிடித்தது. இவ்வளவு தெளிவான வழக்கு எத்தனை நாளில் முடிந்திருக்க வேண்டும்? விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கே ஒன்பது வருஷம் ஆனது.

நடுவில் என்ன நடந்தது? உயிர் தப்பியவர் கோர்ட்டில் வந்து, தன்மேல் மோதியது லாரி என்றார். பி.எம்.டபிள்யூ. எப்போது லாரி ஆனதோ! 2007இல் ஒரு தொலைக்காட்சியின் ரகசியக் கேமராவில் வழக்கின் இன்னொரு சாட்சியை வளைக்கப் பார்த்த விவகாரம் சிக்கியது. அதற்காகக் குற்றவாளித் தரப்பின் மூத்த வழக்கறிஞர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று 2009இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. கடைசியில் தண்டனை? கீழ்க்கோர்ட் ஐந்து ஆண்டு. உயர் நீதிமன்றம் அதை இரண்டாகக் குறைத்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், குற்றம் பெரிய குற்றம்தான் என்று சொல்லிவிட்டு, உள்ளே இருந்த காலம் போதும், 50 லட்சம் கட்டு, இரண்டு ஆண்டு சமூக சேவை செய் என்றது. "50 லட்சம்!" என்று அம்மா குரலை உயர்த்தினார்கள். அம்மா, கட்ட முடிந்தவனிடம்தானே அப்படிக் கேட்க முடியும்? இல்லாதவனிடம் வருஷத்தைத்தான் வாங்குவார்கள்.

மும்பை வழக்கு எனக்கு இதைவிட உறுத்துகிறது. 2006 நவம்பர், பாந்த்ரா கார்ட்டர் ரோடு. ரோடு போட வந்த கூலித் தொழிலாளர்கள் ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடித்திருந்த ஒரு பணக்கார இளைஞனின் கார் ஏறி ஏழு பேர் செத்தார்கள். கீழ்க்கோர்ட் கொடுத்தது ஆறு மாதம், ஐந்து லட்சம் அபராதம். உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டாக உயர்த்தியது. 2012இல் உச்ச நீதிமன்றம், இந்த மூன்று ஆண்டும் மிகக் குறைவு, ஆனால் கூட்டச் சொல்லி அரசு மேல்முறையீடு செய்யவில்லையே, அதனால் தொடவில்லை என்று எழுதியது. கவனியுங்கள், நீதிபதிகளுக்கே மனசு ஆறவில்லை. செத்தவர்கள் சார்பில் போய் நிற்க வேண்டிய அரசு நிற்கவில்லை. எதிர்ப்பக்கம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்து வாதாட வக்கீல் இருந்தார்.

உயிர்ச்சேதமே இல்லாத வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு, சமத்துவம் என்கிறார்கள். பெயிண்டர் ஒருவருக்கு அது பாதி மாதச் சம்பளம். வண்டியை எடுக்க வழியில்லாமல் ஸ்டேஷனிலேயே துருப்பிடிக்க விட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இன்னொருவருக்கு அது அந்த ராத்திரி வைத்த டிப்ஸ். பின்லாந்தில் அபராதத்தை ஆளின் தினவருமானத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 2023இல் அங்கே ஒரு கோடீஸ்வரர் 50 கிலோமீட்டர் வேக எல்லையில் 82இல் போனதற்கு, குடிக்கக்கூட இல்லை, வெறும் வேகத்துக்கு, 1,21,000 யூரோ கட்டினார். ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எதிரணித் தலைவர் மனுநீதிச் சோழனையும் இழுத்தார். அதற்குத்தான் காத்திருந்தேன். தேர்க்காலில் கன்று செத்தது எல்லாருக்கும் தெரியும். அமைச்சர்கள் என்ன சொன்னார்கள் என்பதைச் சேக்கிழார் எழுதியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சாத்திரப்படி பரிகாரம் செய்தால் போதும், இளவரசரை விட்டுவிடலாம் என்றார்கள். ராஜா திருப்பிக் கேட்டார்: வேறு ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்வேன், என் மகன் செய்தால் பரிகாரத்துக்கு ஒத்துக்கொள்வேனா? மகனைச் சக்கரத்தில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை, பயப்படாதீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 300 சொல் கட்டுரை, 50 லட்சம், சமூக சேவை: அந்த அமைச்சர்கள் இன்னும் பதவியில்தான் இருக்கிறார்கள்.

மணி அடிப்பதற்குள் கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் டெக்சாஸ். 2013 ஜூனில் ஒரு பதினாறு வயதுப் பையன், ரத்தத்தில் பெரியவர்களுக்கான வரம்பைப் போல மூன்று மடங்கு மதுவோடு, அப்பா கம்பெனி வண்டியில் வந்து நான்கு பேரைக் கொன்றான். ரிப்பேராகி நின்ற காரின் சொந்தக்காரப் பெண், அவருக்கு உதவ வீட்டிலிருந்து இறங்கி வந்த தாயும் மகளும், வழியில் நிறுத்திய ஒரு பாதிரியார். அரசுத் தரப்பு 20 ஆண்டு கேட்டது. பையன் தரப்பு மனநல நிபுணர், இவன் செல்வத்தில் வளர்ந்தவன், தப்புக்குப் பலன் உண்டு என்று பெற்றோர் சொல்லியே தரவில்லை என்று வாதாடினார். ஒரு நாள் சிறை இல்லை. பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. பிறகு அதையும் மீறி, அம்மாவோடு மெக்சிகோவுக்கு ஓடிப் பிடிபட்டு, வேறொரு நீதிபதியிடம் 720 நாள் வாங்கினான்.

அதே கோர்ட். முதலில் கண்காணிப்போடு விட்ட அதே நீதிபதி. 2004இல் இன்னொரு பதினாறு வயதுப் பையன் குடித்துவிட்டு, திருடிய வண்டியை ஓட்டி ஒருவரைக் கொன்றிருந்தான். குடித்த அளவு இவனில் பாதிகூட இல்லை. தாய் தகப்பன் கவனிக்காமல் தாத்தாவிடம் வளர்ந்தவன். உன் பிள்ளைப் பருவம் சோகமானது என்று கோர்ட்டுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு 20 ஆண்டு கொடுத்தார்கள்.

ஒரு சாவுக்கு இருபது வருஷம், நான்கு சாவுக்கு வெறும் கண்காணிப்பு. எதிரணியில் அடுத்து வரப்போகும் வக்கீல் ஐயா வண்டி திருடியதைக் காட்டுவார், தெரியும். அந்தத் திருட்டுக்கு எத்தனை வருஷம், மிச்ச வருஷம் எதற்கு என்று மட்டும் பிரித்துச் சொல்லட்டும். மைக்கை அவரிடமே கொடுக்கிறேன். வணக்கம்.