நான்கு மூலையிலும் மஞ்சள்

(அரையாண்டு விடுமுறையில் எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எத்தனை வேலை இருந்தாலும் நூலகக் கூட்டம் என்றால் முதல் ஆளாக வந்து உட்காரும் அஞ்சலக அதிகாரி ஐயா அவர்களே, காலையிலேயே வாசல் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பேரூராட்சித் தலைவர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். போன மழைக்கு இந்தக் கூரை ஒழுகியது. மனு கொடுத்த பத்தாம் நாள் ஆள் அனுப்பிச் சரி செய்து கொடுத்தார். இன்று நாம் காகிதத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்றால் அது அவர் புண்ணியம். அதேபோல இரண்டு நாற்காலியும் ஒரு மின்விசிறியும் வாங்கிக் கொடுத்த வணிகர் சங்கத்தாருக்கும் நன்றி.

இன்று மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். வாழ்த்து அட்டை எப்படி வந்தது, டை என்கிற வெட்டும் அச்சை வைத்து அதை எப்படிச் செய்வது, அதை வைத்து ஒரு குடும்பம் எப்படிச் சம்பாதிக்கலாம். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். முப்பத்தொரு வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். கரும்பலகையில் முதல் நாள் எழுதுவதும் இதுதான், கடைசி நாள் எழுதுவதும் இதுதான்.

1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஓவியர் ஹார்ஸ்லியிடம் சொல்லி ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரைய வைத்தார். ஏறக்குறைய ஆயிரம் பிரதி. ஒன்று ஒரு ஷில்லிங். கடைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான் என்கிறார்கள். அதை அச்சடித்தபின் வண்ணம் பூசியது மனிதக் கை. இதை நினைவில் வையுங்கள் பிள்ளைகளே.

நம் பக்கத்துக் கதை சிவகாசியில் இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி வந்தால் அதற்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து எல்லாம் வந்தன. கூடவே டை கட்டிங்கும் வந்தது. பட்டறையில் டை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பிளைவுட்டில் வடிவத்தை அறுத்து, அந்தக் கோட்டுக்குள் எஃகுப் பிளேடை வளைத்து இறக்குவார்கள். பிளேடின் உயரம் 23.8 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ரப்பர் துண்டு ஒட்டுவார்கள். வெட்டி முடித்ததும் தாளை வெளியே தள்ளிவிடுவது அந்த ரப்பர். பொங்கல் பானை வடிவத்தின் கழுத்து வளைவுக்குப் பிளேடை வளைக்கிற அந்தக் கையைப் பார்க்க வேண்டும். அளவுகோல் தேவையே இல்லை. சித்திரமும் கைப்பழக்கம்!

சரி, வீட்டில் செய்வதற்கு வருவோம். ஏ4 அளவில் 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டை ஒன்று வாங்கி இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை மடித்தால் ஒரு வாழ்த்து அட்டை. மடிக்கும் முன் எந்தப் பக்கம் லேசாக வளைகிறது என்று பாருங்கள். காகித நார் ஓடுகிற திசை அது. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள், கடையில் வாங்கியதுபோல இருக்கும்.

இதோ இந்த மேசையில் இருப்பது கையால் சுற்றும் சிறிய மெஷின். இதற்கான டை மெல்லிய எஃகுத் தகடுதான். வெட்டும் பக்கம் தாளைப் பார்க்க வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றினால் கோலம்போல நுணுக்கமான வடிவம்கூட வெட்டுப்பட்டு வரும். டைக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு துண்டு மெழுகுத் தாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளாது. வெட்டிய பானையைப் பசை தடவித் தட்டையாக ஒட்டிவிடாதீர்கள். அடியில் ஃபோம் டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டுகிற தடித்த பஞ்சு நாடாவைச் சின்னச் சின்னத் துண்டாக வையுங்கள். பானை எழுந்து நிற்கும், நிழல் விழும். அட்டை மட்டும் ஒன்பது கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். உறையோடு சேர்த்து இருபது கிராமுக்குள் அடக்கிவிட்டால் ஐந்து ரூபாய் தபால்தலை போதும். அஞ்சலக அதிகாரி ஐயா தலையாட்டுகிறார், நன்றி ஐயா.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ரொம்ப வருஷத்துக்கு முந்தி, ஒரு டை கட்டிங் பட்டறையில் கழிவுத் துண்டுகளை ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து வகுப்பில் கொட்டினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கறுப்பு அட்டையின் மூலைத் துண்டுகள் நாலை எடுத்தாள். நடுவில் தங்க நிறப் பானை, நாலு மூலையிலும் கறுப்பு முக்கோணம். படத்துக்குச் சட்டம் போட்டதுபோல அவ்வளவு அழகு. அப்படியே கம்பத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அப்பத்தாவுக்கு அனுப்பிவிட்டாள்.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. உறையிலிருந்து உருவியதும் கண்ணில் பட்டது மூலைக் கறுப்புதான். மூலையில் கறுப்பு தடவி வந்தால் என்ன சேதி என்று உங்களுக்குத் தெரியும். திண்ணையிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. யார், என்ன என்று தெரியாமலே நாலு பேர் சேர்ந்து அழுகிறார்கள். ஒருவர் வண்டி பிடிக்க ஓடிவிட்டார். இரண்டு தெரு தள்ளிப் போயிருந்த தபால்காரர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்து, அட்டையை வாங்கிப் பிரித்து உரக்கப் படித்தார். "அன்புள்ள அப்பத்தாவுக்குப் பொங்கல் வாழ்த்துகள். நீ குடுத்துவிட்ட முறுக்கு தீர்ந்துபோச்சு." அழுகை அப்படியே நின்றது. அப்பத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எய்யா, இன்னொருக்கா படி" என்றாராம். மூன்று தடவை படிக்க வைத்துவிட்டுத்தான் தபால்காரரை விட்டார். அடுத்த வாரமே ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு வந்தது. வகுப்புக்கே கொடுத்தாள்.

அடுத்த பொங்கலுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? வீட்டிலிருந்து மஞ்சள் பொடி கொண்டுவந்து, இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் நாலு மூலையிலும் தொட்டு வைத்தாள். காய்ந்தபின்னும் அட்டை மணத்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கை பழகப் பழகத் தானாக வந்த அறிவு அது. சித்திரமும் கைப்பழக்கம்.

அது நடந்தது வெள்ளிக்கிழமைக் கடைசி இரண்டு பீரியடில். அந்த இரண்டு பீரியட் இன்று எங்கே? பல பள்ளிகளில் கால அட்டவணையில் ஓவியம் என்று இருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு நடக்கும். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏ4 தாளைப் பாதியாக்கி எடை பார்த்தோமே, அதுவும் கணக்குத்தான். 2012-இல் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி போன்றவற்றுக்காக நம் அரசு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. மூன்று அரைநாளில் எத்தனை வகுப்பைப் பார்ப்பார் ஒருவர்? அதனால்தான் கேட்கிறேன், ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். வாரம் இரண்டு பீரியட், யாரும் கடன் வாங்க முடியாத பீரியட் வேண்டும். பள்ளிக்கு ஒரு கைமெஷினும் பத்து டையும் வேண்டும். பேரூராட்சித் தலைவர் அம்மா நம் ஊர்ப் பள்ளிக்கு முதல் மெஷினை வாங்கித் தர மனது வைக்க வேண்டும் என்று மேடையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன்.

சம்பாத்தியம் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்னால் ஜன்னலோரம் பள்ளிக் கல்வித் துறைக்கு எழுதிய மனு இருக்கிறது, பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகள் இங்கே வாருங்கள், வரிசையாக. ஆளுக்கு ஒரு பானை வெட்டலாம். குழைத்த மஞ்சள் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. வணக்கம்.