முப்பத்தியொண்ணு வாங்குன கோல்கீப்பர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. படம் போடறதுக்கு முன்னாடி ஒரு பதினஞ்சு நிமிஷம் பேசுங்க சார்னு தம்பிங்க கேட்டாங்க, மைக்க கையில குடுத்துட்டா நான் எங்க நிறுத்துவேன்னு அவங்களுக்கு இன்னும் தெரியல. பின்னாடி சேர் இல்லாம நிக்கறவங்க முன்னாடி தரையில வந்து உக்காந்துக்கங்க, பரவால்ல.

இன்னிக்கு பாக்கப்போறது 'நெக்ஸ்ட் கோல் வின்ஸ்'. இந்தப் பேர்ல ரெண்டு படம் இருக்கு. ஒண்ணு 2014ல வந்த டாக்குமெண்டரி, மைக் பிரெட், ஸ்டீவ் ஜாமிசன்னு ரெண்டு பேர் எடுத்தது. இன்னொண்ணு 2023ல டைக்கா வைட்டிட்டி எடுத்த சினிமா, மைக்கேல் ஃபாஸ்பெண்டர் கோச்சா நடிச்சிருப்பாரு. ரெண்டும் ஒரே கதைதான், அமெரிக்கன் சமோவா ஃபுட்பால் டீம் கதை. நாம பாக்கப்போறது டாக்குமெண்டரி, சினிமாவ விட்டுட்டு இத ஏன் போடச் சொன்னேன்னு பின்னாடி சொல்றேன்.

அமெரிக்கன் சமோவான்னா பசிபிக் கடலுக்கு நடுவுல இருக்கற சின்ன தீவுக்கூட்டம், அமெரிக்காவோட கட்டுப்பாட்டுல இருக்கு, பக்கத்துலயே இருக்கற சமோவா தனி நாடு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஜனத்தொகை அம்பதாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான். அங்க பசங்களுக்கு உயிர்னா அமெரிக்கன் ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டி மோதறது. நம்ம ஃபுட்பாலுக்கு அங்க ரெண்டாவது எடம் கூட கெடையாது.

2001 ஏப்ரல் 11. ஆஸ்திரேலியாவுல காஃப்ஸ் ஹார்பர்னு ஒரு ஊர், வேர்ல்ட் கப் தகுதிச் சுற்று. மேட்சுக்கு முன்னாடியே ஒரு குண்டு விழுந்துச்சு, அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கறவங்க மட்டும்தான் ஆடலாம்னு உலக ஃபுட்பால் சங்கம் ஃபிஃபா சொல்லிருச்சு. இருபது பேர் டீம்ல மிஞ்சினது ஒரே ஒரு ஆளு, கோல்கீப்பர் நிக்கி சலாப்பு. சரி சின்னப் பசங்கள வச்சு ஒப்பேத்தலாம்னு பாத்தா அவங்கள்ல பாதிப் பேருக்கு ஸ்கூல்ல பரீட்சை. கடைசில கெடச்சவன கெடச்ச எடத்துல நிக்க வச்சு எறக்குனாங்க, அதுல பதினஞ்சு வயசுப் பசங்களும் இருந்தாங்க.

எதிர்ல நிக்கற ஆஸ்திரேலியா ரெண்டு நாள் முன்னாடிதான் டோங்காவ 22-0ன்னு அடிச்சு உலக சாதனை பண்ணிட்டு வந்து நிக்குது.

31-0. ஆர்ச்சி தாம்சன்ங்கற ஒரே ஆளு 13 கோல். ஸ்கோர்போர்டுல மொதல்ல 32ன்னு போட்டுட்டாங்க, அப்புறம் சரிபாத்து 31ன்னு மாத்துனாங்க, கணக்கு எழுதறவனுக்கே கை தடுமாறிப்போச்சு பாத்துக்கங்க.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன், இத கோல்கீப்பரா நின்னவங்களாலதான் முழுசா உணர முடியும். மொத பத்து நிமிஷம் வரைக்கும் கோலே விழல. அப்ப மிச்சம் 80 நிமிஷத்துல 31. கிட்டத்தட்ட ரெண்டரை நிமிஷத்துக்கு ஒண்ணு. கோல் விழுந்தா என்ன நடக்கும், அடிச்சவன் கொண்டாடிக்கிட்டு ஓடுவான், கேமராவும் அவன் பின்னாடி ஓடும், கீப்பர் திரும்பி நடந்து போயி, குனிஞ்சு, நெட்ல சிக்குன பால உருவி எடுத்து, சென்டருக்கு உதைப்பான். அத யாரும் பாக்கறதில்ல. நான் காலேஜ்ல ரெண்டாவது கீப்பர், மொதல் ஆளுக்கு ஜுரம்னு ஒரு நாள் எறங்கி ஒம்போது கோல் வாங்குனேன். அந்த கிரவுண்டுல நெட் கெடையாது, பின்னாடி வேலிகாத்தான் புதரு. ஒவ்வொரு தடவையும் பால எடுக்க நானே முள்ளுக்குள்ள போகணும். ஆறாவது கோலுக்கு அப்புறம் பால் பஞ்சர் ஆகிடணும் கடவுளேன்னு வேண்டிக்கிட்டேன், ஆகல. வெளிய நின்ன ஒரு சின்னப் பையன் "அண்ணே, நான் வேணா எடுத்துத் தரட்டா"ன்னான் பாருங்க, அதுதான் ஒம்போது கோல விட வலிச்சுது. எனக்கு ஒம்போதுக்கே இப்படி. அந்தாளுக்கு முப்பத்தியொண்ணு, அதுவும் உலகம் பூரா பேப்பர்ல.

அந்த ஒரு மேட்ச் மட்டும் இல்லீங்க. அதே போட்டியில ஃபிஜி கிட்ட 13, சமோவா கிட்ட 8, டோங்கா கிட்ட 5. நாலு மேட்சுல 57 வாங்கி, போட்டது ஒண்ணு கூட இல்ல. இதுக்கு அப்புறம் சலாப்பு வீட்ல உக்காந்து வீடியோ கேம்ல ஆஸ்திரேலியாவ எதிர்த்து ஆடுவாராம், எதிர் டீம ஆட விடாம நிறுத்தி வச்சிட்டு இவரே கோல் மேல கோலா போட்டுக்கிட்டு இருப்பாராம். சிரிக்கறீங்க, எனக்கு அந்த எடத்துல கண்ணு கலங்கிருச்சு.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இது நெறைய பேருக்குத் தெரியாது. அந்த 31-0 பாத்துட்டு எல்லாரும் கத்துனாங்க, இது என்ன கொடுமை, பெரிய டீமையும் குட்டி டீமையும் நேரா மோத விடலாமான்னு. அதுக்கு அப்புறம்தான் அந்தப் பக்கம் குட்டி டீமுங்க தங்களுக்குள்ள முதல்ல ஆடிக்கற மாதிரி தனிச் சுற்று கொண்டாந்தாங்க. ஆஸ்திரேலியா 2006ல ஆசிய ஃபுட்பால் சங்கத்துக்கு மாறிப் போயிருச்சு. அதனாலதான் 2011ல அமெரிக்கன் சமோவாவுக்கு எதிர்ல சமோவா, டோங்கா, குக் தீவுகள்னு தன் உயரத்துல இருக்கற ஆளுங்க கெடச்சாங்க. அந்த 31 விழலேன்னா நாம பாக்கப்போற படமே இல்ல.

2011ல தாமஸ் ராங்கன்னு ஒரு கோச் வராரு. பொறந்தது நெதர்லாண்ட்ஸ், அமெரிக்காவுல செட்டில் ஆனவரு, அங்க டிசி யுனைட்டெட்னு ஒரு கிளப் டீமுக்கு 1999ல லீக் கப் வாங்கிக் குடுத்தவரு. கையில இருந்தது சில வாரம்தான். அவர் பண்ணுன உருப்படியான காரியம் என்னன்னா, அமெரிக்காவுல போயி செட்டில் ஆகியிருந்த சலாப்புவத் திரும்பக் கூப்பிட்டாங்கல்ல, அவர கோல் போஸ்ட்ல நிக்க வச்சாரு.

இங்கதான் எனக்கும் சினிமாவுக்கும் சண்டை. சினிமாவுல கதை கோச்சோடது ஆயிருச்சு. கோவக்கார கோச், குடிக்கற கோச், மகள் இறந்த சோகத்த மனசுக்குள்ள பூட்டி வச்சிருக்கற கோச். மகள் இறந்தது நெசம்தான், அத நான் குறை சொல்லல. ஆனா அத கடைசி வரைக்கும் ஒளிச்சு வச்சு ஒரு ட்விஸ்டு மாதிரி அவுத்து விடறாங்க பாருங்க, அது எனக்கு ஒட்டல. ஜாயா சைலுவான்னு ஒரு டிஃபெண்டர் டீம்ல இருக்காங்க, ஃபாஃபாஃபினே, சமோவா மக்கள் கிட்ட ரொம்ப காலமா இருக்கற மூணாவது பாலினம். நம்ம ஊர் திருநங்கைங்கற வார்த்தைய அப்படியே தூக்கிப்போட்டா முழுசா பொருந்தாது, அங்க வீட்லயும் சபையிலயும் அவங்களுக்குன்னு எடமே உண்டு. சினிமாவுல கோச்சு அவங்கள மட்டம் தட்டறாரு, அப்புறம் திருந்தறாரு. டாக்குமெண்டரில உங்கள என்ன பேர் சொல்லி கூப்பிடட்டும்னு கேக்கறாரு, ஜாயான்னு பதில் வருது, சரின்னு ப்ராக்டிஸ் ஆரம்பிச்சுடுது. எனக்கு இந்த சின்ன சீன்தான் பெருசு. அதுக்காக சினிமா குப்பைன்னு சொல்ல வரல, ஜாயாவா நடிச்ச கைமானா நல்லா பண்ணியிருக்காங்க, சில எடத்துல வயிறு வலிக்க சிரிச்சேன்.

சரி, மேட்சுக்கு வரேன். 2011 நவம்பர் 22, சமோவாவோட தலைநகரம் ஆப்பியா, எதிர்ல டோங்கா. ஹாஃப் டைமுக்கு கொஞ்சம் முன்னாடி ராமின் ஆட் தூரத்துலேருந்து ஒண்ணு விடறாரு, டோங்கா கீப்பர் கையில பட்டு வழுக்கி உள்ள போயிருச்சு. எல்லாரும் குதிக்கறாங்க, நான் மட்டும் அந்த டோங்கா கீப்பரப் பாத்து ஐயோ பாவம்னேன், பழக்க தோஷம். ரெண்டாவது பாதில ஷாலம் லுவானி ரெண்டாவது கோல். இந்தப் பையன் பின்னாடி ஹெல்மெட் மாட்டிக்கிட்டு என்எஃப்எல்ங்கற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல போயி ஆடுனான், அது தனிக்கதை.

88வது நிமிஷம் டோங்கா ஒண்ணு திருப்பிப் போட்டுருச்சு. 2-1.

மேட்ச் அப்படியே முடிஞ்சுது, ஃபிஃபா கணக்குல அமெரிக்கன் சமோவாவுக்கு அதான் மொத வெற்றி. சினிமாவும் இந்த வெற்றியோட முடிஞ்சுடுது. ஆனா அடுத்து குக் தீவுகளோட 1-1 டிரா பண்ணிட்டு, நவம்பர் 26 அன்னிக்கு சமோவாவ ஜெயிச்சா அடுத்த சுற்றுக்கே போயிருக்கலாம், கடைசி நேரத்துல ஒரு கோல் வாங்கி 1-0ன்னு தோத்துட்டாங்க. பத்து வருஷம் முன்னாடி இதே சமோவா கிட்ட வாங்குனது எட்டு.

தம்பி கைய காட்டறாரு, முடிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. அந்த 88வது நிமிஷம் வரும்போது அடிச்சவனப் பாக்காதீங்க, சலாப்பு என்ன பண்றாருன்னு தேடுங்க. சரி, அந்த லைட்ட அணைச்சிருப்பா.