வயலும் தொழுவமும்: அல்வாக்கடை நெய்க்கு ஓர் அணிக் கணக்கு

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே வயல், தொழுவம் என இரண்டே தொழில்கள். விதைநெல்லை வயலே தனக்குத் தந்துகொள்கிறது. எரு தொழுவத்திலிருந்து வருகிறது. மாடுகளுக்கான வைக்கோலும் உளுந்தம்பொட்டும் வயலிலிருந்து போகின்றன. இப்படி ஒன்றுக்கொன்று கொடுத்ததுபோக எஞ்சுவதுதான் வெளியூருக்கு விற்பனையாகிறது.

புரிதலுக்காக நானே வைத்த எண்கள் இவை. ஒரு ரூபாய் விளைச்சலுக்கு வயல் 10 காசு விதைநெல்லையும் 20 காசு எருவையும் செலவழிக்கிறது. தொழுவம் ஒரு ரூபாய் உற்பத்திக்கு 50 காசுத் தீவனம் கேட்கிறது. வெளியூருக்கு ஆண்டில் 60 லட்சம் ரூபாய் நெல்லும் 40 லட்சம் ரூபாய் பாலும் நெய்யும் வேண்டுமென்றால், மொத்த உற்பத்தி எவ்வளவு இருக்க வேண்டும்?

[திரையில்: வ = 0.1வ + 0.5த + 60
த = 0.2வ + 40]

'வ' வயலின் மொத்த உற்பத்தி, 'த' தொழுவத்தினுடையது. தெரியாதவற்றை இடப்பக்கம் கொண்டுவந்து, அவற்றின் முன் நிற்கும் எண்களான கெழுக்களை அணியாக, அதாவது கிடை வரிசையிலும் 'நிரல்' எனும் செங்குத்து வரிசையிலும் அடுக்கிய எண் கட்டமாக எழுதுவோம்.

[திரையில்: | 0.9  −0.5 |
| −0.2  1 |]

இதன் அணிக்கோவை 0.9 × 1 − 0.5 × 0.2, அதாவது 0.8. மூலைவிட்ட உறுப்புகளை (0.9, 1) இடம் மாற்றி, மற்ற இரண்டின் குறியை மாற்றி, எல்லாவற்றையும் 0.8 ஆல் வகுத்தால், வெளியூர்த் தேவையிலிருந்து மொத்த உற்பத்தியை நேரடியாகத் தரும் நேர்மாறு அணி கிடைக்கிறது.

[திரையில்: | 1.25  0.625 |
| 0.25  1.125 |]

இதை 60, 40 என்ற நிரலால் பெருக்கினால் வயலுக்கு 100 லட்சம், தொழுவத்துக்கு 60 லட்சம். சரிபார்ப்போம்: நூறில் விதைக்கு 10, தீவனத்துக்கு 30 போக மீதி 60, தொழுவத்தின் அறுபதில் எருவாக 20 போக மீதி 40.

இரண்டு சமன்பாடுகளைப் பிரதியிட்டே தீர்த்துவிடலாமே, அணி எதற்கு என்று கேட்பது நியாயம்தான். தீபாவளி நெருங்க, திருநெல்வேலி அல்வாக்கடைகள் கூடுதலாக 8 லட்சம் ரூபாய்க்கு நெய் கேட்கின்றன என்று கொள்வோம். (அல்வாவுக்கான பால் கோதுமைப்பால், அதைத் தொழுவத்தின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.) மறுபடி தீர்க்கவே வேண்டாம், நேர்மாறு அணியின் இரண்டாம் நிரலை 8 ஆல் பெருக்கினால் போதும். தொழுவம் 9 லட்சம் கூடுதலாகத் தர வேண்டும். ஒருவரும் ஒரு படி நெல் கூடுதலாக வாங்காதபோதும் வயலின் உற்பத்தி 5 லட்சம் உயர வேண்டும். தீவனத்துக்காக வயலும், அந்த வயலின் எருவுக்காக மீண்டும் தொழுவமும், அதன் தீவனத்துக்காக மீண்டும் வயலும் எனச் சுற்றிச் சுற்றிச் செல்லும் தேவை முழுவதையும் 0.625, 1.125 என்ற இரண்டே எண்கள் அடக்கிவிடுகின்றன.

இந்த முறையை வளர்த்தெடுத்தவர் வாசிலி லியோன்டிஃப். 1973இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். 1949இல் ஹார்வர்டில் அவர் அமெரிக்கப் பொருளாதாரத்தை 500 துறைகளாகப் பிரித்தார். அத்தனை சமன்பாடுகள் அன்றைய மார்க் 2 கணினிக்குத் தாங்காததால், 42 சமன்பாடுகளாகச் சுருக்கித் தீர்த்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 10, 20, 50 காசுகள் எந்த அளவு உற்பத்திக்கும் மாறாதவை என்று இந்த அணி கருதுகிறது. பாபநாசம் அணையில் நீர் குறைந்து கார் சாகுபடி தவறினால், 5 லட்சத்துக்குக் கூடுதல் விளைச்சல் எடுக்க வயல் இராது. அப்போது வைக்கோலை வெளியூரிலிருந்து வாங்க வேண்டும். சமன்பாட்டில் இறக்குமதிக்கென்று இன்னோர் உறுப்பைச் சேர்க்க வேண்டும்.