கட்டி வரை போய்ச் சேர வேண்டும்: நானோ துகளில் ஏறும் ஆர்.என்.ஏ.

(திரையில்: ஒரு புற்றுச்செல். உட்கருவிலிருந்து இழைகள் வெளியே வருகின்றன.)

புற்றுச்செல் பெருக வேண்டுமென்றால் சில புரதங்கள் அதற்குக் கட்டாயம் வேண்டும். அவற்றின் செய்முறையை மரபணுவிலிருந்து படியெடுத்து வெளியே கொண்டுவருவது தூது ஆர்.என்.ஏ. சரி, அந்தப் படியையே வெட்டிப் போட்டுவிட்டால்?

வெட்டும் கத்தரி நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இந்த வேலையைக் கண்டறிந்தார்கள். 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 21 எழுத்து (ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) நீளமுள்ள இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ளே போனால், ஆர்கோநாட் என்ற புரதம் அதில் ஓர் இழையை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த இழைக்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டும். ஒன்றோடு நிற்காது, அடுத்ததற்குப் போகும். வேறு மரபணுவை அடக்க வேண்டுமா? எழுத்துகளை மாற்றினால் போதும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

(திரையில்: ரத்தக்குழாய்.)

ஆனால் இந்த ஆர்.என்.ஏ.வை வெறுமனே ஊசியில் ஏற்றினால் நொதிகள் நறுக்கிவிடும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வடிகட்டிவிடும். தப்பித்துப் போனாலும் செல்லின் சவ்வு உள்ளே விடாது. அதனால்தான் கொழுப்பாலான நானோ துகளுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள்.

(திரையில்: துகளை விழுங்கும் செல், மிக அருகில்.)

இங்கே நன்றாகக் கவனியுங்கள். செல் துகளை விழுங்கி, எண்டோசோம் என்ற பைக்குள் வைக்கிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. ரத்தத்தில் மின்னூட்டம் இல்லாமலிருந்த கொழுப்பு, அமிலம் பட்டதும் நேர்மின்னூட்டம் பெற்று, பையின் சவ்வோடு ஒட்டி அதைக் குலைக்கிறது. அந்த ஓட்டை வழியாக ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. எல்லாம் வராது, மிகச் சிறு பங்குதான். பெரும்பகுதி பைக்குள்ளேயே அழிந்துபோகிறது.

இன்னொரு சிக்கல், கல்லீரல். ரத்தத்தில் இறங்கிய கொழுப்புத் துகள்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்த் தங்கும். 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற, இதே முறையில் வேலை செய்யும் மருந்துக்கு அது வசதியாகப் போயிற்று. அது குறிவைத்த புரதம் கல்லீரலில்தான் உருவாகிறது. புற்றுக்கட்டிக்கு அப்படியில்லை. 2016இல், முந்தைய 10 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை எட்டியதன் நடுமதிப்பு 0.7 சதவீதம்தான்.

அப்புறம் ஏன் விடாமல் முயல்கிறார்கள்? 2010இல் வெளியான ஒரு சோதனை முடிவைப் பாருங்கள். அதில் துகளின் மேல் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைப் பொருத்தியிருந்தார்கள். இரும்புச்சத்துக்காக அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் பல புற்றுச்செல்களில் அதிகம். அந்த மருந்து சந்தைக்கு வரவில்லை. ஆனால் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த திசுவில் துகள்கள் இருந்தன. ஒருவரின் கட்டியில், குறிவைத்த தூது ஆர்.என்.ஏ. துண்டாகியிருந்தது, வெட்ட நினைத்த அதே இடத்தில்.