பணி ஓய்வு பெற்ற மோப்ப நாய்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்திலோ, ரயில் நிலையத்திலோ, பெரிய கூட்டம் கூடும் மைதானத்தின் வாசலிலோ ஒரு காவலருடன் மோப்ப நாய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் சற்று ஒதுங்கி நிற்போம். அது நம்மை ஏறிட்டும் பார்க்காமல் பெட்டிகளை முகர்ந்துகொண்டே போய்விடும். சில ஆண்டுகள் கழித்து அந்த நாய் எங்கே இருக்கும், பொழுதை எப்படிக் கழிக்கும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துப் பார்த்ததில்லை. கால்நடை மருத்துவரான என்னிடம் காவல்துறை நாய்கள் பல, பணியில் இருந்தபோதும் பணி முடிந்த பிறகும் வந்திருக்கின்றன. அதனால் அந்தக் கேள்வி என்னை விட்டதே இல்லை.

ஓய்வைப் பற்றிப் பேசும் முன் அதன் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மோப்பப் பணிக்குக் குட்டியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் சீற்றத்தை முதலில் பார்ப்பதில்லை. உயரமான புல்லுக்குள் ஒரு பந்தை எறிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். சில குட்டிகள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு பக்கம் ஓடிவிடும். ஏதோ ஒன்று மட்டும் விடாது. கூப்பிட்டாலும் வராது, மூச்சு வாங்க வாங்கத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிதான் வேண்டும். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. வெடிமருந்தின் வாடை எங்கே இருக்கிறதோ அங்கே போனால் பந்து கிடைக்கும் என்று அதற்குப் பழக்குகிறார்கள். வெடிகுண்டு என்றால் என்னவென்று அந்த நாய்க்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பந்து. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் இதற்கு வருவேன்.

பொதுவாகப் போதைப்பொருள் தேடும் நாய்க்கு வெடிமருந்தைப் பழக்க மாட்டார்கள். நாய் ஒரு பெட்டியைக் காட்டிக்கொடுக்கிறது என்றால், திறந்து பார்ப்பதா, கட்டடத்தையே காலி செய்வதா என்று காவலருக்கு அந்தக் கணமே தெரிந்தாக வேண்டும் அல்லவா? வெடிமருந்தைக் கண்டுபிடித்த நாய் குரைக்காது, பிறாண்டாது. பேசாமல் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்து, காவலரின் முகத்தைப் பார்க்கும்.

அந்தப் பார்வை சாதாரணமானதில்லை. 2011-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு வெளியானது. 18 காவலர்களும் அவர்களுடைய நாய்களும் அதில் கலந்துகொண்டார்கள். சோதனை நடந்த அறைகளில் போதைப்பொருளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. ஆனால் இருப்பதாகக் காவலர்களிடம் சொல்லியிருந்தார்கள். என்ன ஆயிற்று? இல்லாத பொருளை நாய்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துவிட்டதாகப் பதிவானது. காவலர் எந்த இடத்தை நம்பினாரோ அந்த இடத்தில்தான் அது அதிகம் நடந்தது. நீதிமன்றச் சான்றாக நாயை நம்பலாமா என்ற விவாதத்துக்கு இந்த ஆய்வைப் பயன்படுத்துகிறார்கள். அது தேவையான விவாதம்தான். என் மனம் இன்னொரு பக்கம் போகிறது. ஒரு மனிதரின் முகத்தையும் நடையையும் மூச்சையும் ஆண்டுக்கணக்கில் இவ்வளவு உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு உயிரை, வயதாகிவிட்டது என்று அவரிடமிருந்து பிரித்து வேறெங்கோ கொண்டுபோய்க் கட்டிப்போடலாமா?

வயது என்றேன். பெரும்பாலான நாய்கள் எட்டு முதல் பத்து வயதுக்குள் பணியிலிருந்து விடுபடுகின்றன. வண்டியில் ஏறி, குதித்து, படிக்கட்டும் சிமெண்ட் தரையுமாக அலைந்து, இடுப்பு மூட்டுதான் முதலில் போகிறது. பிறகு பற்கள். வெயிலும் நாயை வாட்டுகிறது. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்படி மூச்சு வாங்கும் நேரத்தில் மோப்பம் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் நல்ல காவலர் நாயை இடையிடையே நிறுத்தி, நிழலில் தண்ணீர் காட்டுகிறார். கால்கள் தளர்ந்த பிறகும் மூக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூக்குக்கும் மூப்பு உண்டு, ஆனால் மெதுவாகத்தான் வரும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு லாப்ரடாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெடிமருந்துப் பிரிவில் இருந்த நாய். பணி முடிந்ததும் அதனுடன் வேலை பார்த்த காவலரே வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். நல்ல மனிதர். மெத்தை, வேளாவேளைக்கு உணவு, கொஞ்சி விளையாடக் குழந்தைகள், எல்லாம் இருந்தன. ஆனாலும் நாய் மூலையை விட்டு எழவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. என்னிடம் கொண்டுவந்தார். இடுப்பில் மூட்டுவாதம் இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தேன். இரத்தப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

அடுத்த முறை வந்தபோது காத்திருப்பு அறையில் நல்ல கூட்டம். நாற்காலிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பை. பத்து அடி நடக்கத் தயங்குகிறது என்று சொல்லப்பட்ட அந்த நாய் தானாக எழுந்தது. வரிசையின் ஒரு முனைக்குப் போனது. முதல் பை, இரண்டாம் பை, மூன்றாம் பை என்று ஒன்றையும் விடாமல் முகர்ந்துகொண்டே மறுமுனை வரை வந்தது. திரும்பி நின்று காவலரின் முகத்தைப் பார்த்தது. அவர் கையில் ஒன்றும் இல்லை. அது மறுபடியும் படுத்துக்கொண்டது.

அதற்கடுத்த முறை அவர் பழைய ரப்பர் பந்தை எடுத்து வந்திருந்தார். அங்கிருந்த ஒரு அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவருடைய பையில் அதை ஒளித்துவைத்தார். நாய் மறுபடியும் முதல் பையிலிருந்து தொடங்கியது. அந்த அம்மாவின் பைக்கு முன்னால் வந்ததும், வலிக்கும் இடுப்போடு, முறைப்படி உட்கார்ந்தது. பந்து கைக்கு வந்தபோது அந்த அறையே கைதட்டியது. காலையும் மாலையும் வீட்டில் பந்தை ஒளித்துவைத்துத் தேடவிடுங்கள் என்று அன்றைய மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு மேலே எழுதிக்கொடுத்தேன். சாப்பாடு தானாகச் சரியானது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளில் தேடிய நாய்களுக்கு உயிரோடு யாருமே அகப்படவில்லை என்ற நிலை நாள்கணக்கில் நீடித்தபோது, அவை சோர்ந்துபோயின. அப்போது மீட்புப் பணியாளர்கள் தாங்களே இடிபாடுகளுக்குள் ஒளிந்துகொண்டு, நாய்கள் தங்களைக் கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை நாய்க்கு உணவு மாதிரி. அதை ஓய்வு பெற்ற மறுநாளே நிறுத்திவிடுகிறோம். நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதுதான்: ஓய்வு என்றால் மெத்தையும் உணவும் மட்டும் போதாது, தேடுவதற்கு ஏதாவது வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஃபின் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் 2016-இல் ஒரு சந்தேக நபரைத் துரத்தியபோது கத்தியால் குத்தப்பட்டது. மார்பிலும் தலையிலும் காயம். அதைக் குத்தியதைச் சட்டம் பொருளைச் சேதப்படுத்திய குற்றமாகத்தான் பார்த்தது. நாற்காலியை உடைத்தால் என்னவோ அதுதான். ஃபின்னுடன் பணியாற்றிய காவலர் விடாமல் போராடியதால் 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஃபின் பிழைத்துப் பணிக்குத் திரும்பி, 2017-இல் ஓய்வு பெற்று, அதே காவலரின் வீட்டில் வாழ்ந்து, 14 வயதில் 2023-இல் இறந்தது. அமெரிக்காவில் ராணுவ நாய்களைப் பணி முடிந்த பின் தத்துக்கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2000-இல்தான் வந்தது. அதற்கு முன் அவற்றில் பலவற்றைக் கருணைக்கொலை செய்துவந்தார்கள். கேரளக் காவல்துறை 2019-இல் திருச்சூரில் ஓய்வு பெற்ற நாய்களுக்கென்று ஓர் இல்லம் திறந்தது. இப்படி இல்லங்கள் வருவது நல்லது. அங்கேயும் யாராவது பந்தை ஒளித்துவைக்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். மருத்துவச் செலவைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். வயதான நாய்க்கான மூட்டு மருந்தும் பல் சிகிச்சையும் தத்தெடுத்தவர் தலையில்தான் பெரும்பாலும் விழுகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் காவல்துறை 2013-இல் ஓய்வு பெறும் நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,500 பவுண்டு வரை மருத்துவச் செலவுக்குத் தர முன்வந்தது. பணியில் சேர்க்கும் நாளிலேயே இந்தத் தொகையை எல்லா இடங்களிலும் ஒதுக்கிவிடலாம்.

தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய காவலரிடம் கட்டளைச் சொற்களை எழுதி வாங்குங்கள், ஜெர்மன், டச்சு மொழிச் சொற்களில் பழகிய நாய்களும் உண்டு. வழுக்கும் தரையில் விரிப்புப் போடுங்கள். எடை கூடவிடாதீர்கள். கடித்துப் பிடிக்கப் பழகிய நாயாக இருந்தால், அந்தக் காவலரையும் மருத்துவரையும் கலந்து பேசாமல் முடிவெடுக்காதீர்கள். பந்தைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். வணக்கம்.